நாற்பத்தொரு பேருக்கும் ஒரே தாய்மாமன்

அத்தியாயம் 14

போன வெள்ளிக்கிழமை ஆட்சேபணை மனுவைத் தபாலில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு சிரித்தபடி வந்த தென்றல், இந்த வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில், வெங்காயக் காட்டு வேப்பமரத்தடியில் தொரட்டியும் கையுமாக அழுதுகொண்டு நின்றாள்.

இந்த ஏழு நாளில் அப்படி என்ன ஆயிற்று?

தில்லியில் புதிதாக ஒரு மின்சாரச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அது வந்தால் இலவச மோட்டாருக்கெல்லாம் மீட்டர் மாட்டுவார்களாம். வீட்டுக்கு ரெண்டு மாதத்துக்குக் கிடைக்கிற நூறு யூனிட் சலுகைகூட இனி பில்லில் கழியாதாம். முழுசாகக் கட்டிவிட்டு, அரசாங்கம் பேங்கில் போடும் என்று காத்திருக்க வேண்டுமாம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம், அரியலூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மகளிர் குழுத் தலைவி வெற்றிச்செல்வி நேராக வந்து, பிளஸ் டூ படிக்கும் தென்றலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணு எழுதிக் குடு தென்றலு. அதப் பாத்து நாங்க எழுதிக்கிறோம். ஜெராக்ஸ் போட்டா மொத்தத்தையும் ஒரே மனுன்னு கட்டி வெச்சுருவாங்களாம். கையால எழுதுனாதான் மதிப்பாம்."

தென்றல் எழுதினாள். ஊருக்குப் பொதுவாக எழுத அவளுக்கு வரவில்லை. தன் வீட்டுக் கதையையே எழுதினாள். குழுப் பெண்கள் அதைப் பார்த்து அவரவர் கதையை எழுதுவார்கள் என்று நினைத்தாள். அவர்களோ நூறு நாள் வேலைக்கு நடுவே புளியமரத்தடியில் உட்கார்ந்து, பெயரையும் சர்வீஸ் நம்பரையும் மட்டும் மாற்றி, மற்றதை ஒரு புள்ளி விடாமல் நாற்பது தாளில் இறக்கிவிட்டார்கள்.

இது அவளுக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவும் தாய்மாமன் கலைச்செல்வன் போனில் சொல்லித் தெரிந்தது.

கலைச்செல்வன் அரியலூரில் மின் ஆபீஸ் ஒப்பந்த ஆள். பதினோரு வருடமாகக் கம்பம் ஏறுகிறவன். இந்த வருடம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன்.

"அக்கா, ஒரு கூத்து கேளு," என்று ஆரம்பித்தான். தென்றலின் அம்மா தனம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். "பெரம்பலூர் பக்கம் ஏதோ ஒரு ஊராம். அங்கேருந்து நாப்பத்தோரு மனு. எல்லாத்துலயும் ஒரே கத. 'என் தாய்மாமன் மோட்டார் லைன்லேருந்து ஒயர் இழுத்துக் குடுத்தாரு'ன்னு. இலவச மோட்டார் கரண்ட வேற எதுக்கு இழுத்தாலும் திருட்டு. தானா வந்து தலையக் குடுத்துருக்காங்க. ஸ்குவாடு கெளம்பப் போவுது. ஒயரக் கண்டா மோட்டாரு பீஸ் கட்டையப் புடுங்கிட்டுதான் மறுபேச்சு."

தனம் சிரித்தாள். தென்றல் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். அந்த வரி அவளுடையது. அந்தத் தாய்மாமன், போனில் சிரித்துக்கொண்டிருக்கிற இதே ஆள்தான்.

ராத்திரி முழுக்க அவள் கண் மூடவில்லை.

*

ஆறேகாலுக்கு மும்முனைக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமி, குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. தனம் மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். மகள் தொரட்டியைத் தூக்கி, மோட்டார் கொட்டகையிலிருந்து வேப்பமரம் வழியாக மாட்டுக் கொட்டகைக்குப் போகிற ஒயரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! ஏய்! கரண்டு ஓடுதுடி அதுல!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்த தனம், தொரட்டியைப் பிடுங்கி எறிந்தாள். மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவுறதுக்கா புள்ள வளத்தேன்? என்னடி கேடு வந்துச்சு ஒனக்கு?"

"அந்த நாப்பத்தோரு மனு நம்ம ஊரும்மா."

"எந்த மனு?"

"மாமா சிரிச்சாருல்ல நேத்து? அது நான் எழுதுனது. எல்லாரும் அதையே எழுதிட்டாங்க. மாமாதாம்மா அந்தத் தாய்மாமன்."

தனம் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். சேற்றுக் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள்.

"என்ன எழுதுன? ஒரு வார்த்த விடாம சொல்லு."

தென்றல் ஒப்பித்தாள். மனப்பாடமாகவே இருந்தது. "எங்கள் வீட்டில் நூறு யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று என் அம்மா வாரம் இரண்டு முறை மீட்டரைப் பார்ப்பார். தாண்டும்போல் இருந்தால் ஃபேனை நிறுத்திவிடுவார். அதனால் என் தாய்மாமன் எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு ஒரு ஒயர் இழுத்து, ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார். அந்த வெளிச்சத்தில்தான் நான் பிளஸ் டூ படிக்கிறேன். புதிய சட்டம் வந்தால்..."

"நிறுத்து. ஃபேன நிறுத்துறதையுமா எழுதுன?"

"ஆமா."

"இந்தத் தனம் அப்படியாப்பட்டவன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சா?"

"நாப்பது பேரும் அவங்கவங்க அம்மா நிறுத்துனதாதாம்மா எழுதிருக்காங்க."

வேறு நாளாக இருந்தால் தனம் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு உதடு வரைக்கும் வந்து திரும்பிப் போனது. எதிரே ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம், நாற்பது நாள் பயிர். தாள் பச்சை பிடித்து நிற்கிறது. காய் திரளுகிற நேரம். மழை வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இப்போது பீஸைப் பிடுங்கினால் நாலு நாளில் தாள் மடங்கிவிடும். புருஷன் சின்னதுரை சுண்ணாம்புக்கல் லாரியில் ராவும் பகலும் ஓடிச் சம்பாதித்ததெல்லாம் விதை வெங்காயமாக இந்த மண்ணுக்குள்தான் கிடந்தது.

"மாமா பேர எழுதுனியா?"

"இல்லம்மா. தாய்மாமன்னு மட்டும்தான்."

"எனக்கு இருக்கறதே ஒரே தம்பிதான்டி. பேர எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன?"

தென்றல் விசும்பினாள். "ஒயர அவுத்துரலாம்மா. மோட்டார நிறுத்திட்டு இப்பவே அவுத்துரலாம். வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது."

"இருக்காது. அப்ப நீ எழுதுனது பொய்யின்னு ஆவும். பொய்யின்னு ஆயிட்டா அந்த நாப்பதும் குப்பைக்குப் போவும். சட்டம் ஜம்முனு வந்து ஒக்காரும். அதுக்கா எழுதுன?"

தென்றல் தொரட்டியை எடுத்து மரத்தில் சாய்த்தாள்.

"அந்த ஒயர இழுக்கச் சொன்னது நான்தான்டி. அவன் முடியாதுன்னான். எம்பொண்ணு பத்தாவதுல பெயிலானா நீதான் பொறுப்புன்னு மெரட்டி ஏறச் சொன்னேன்." தனம் எழுந்து புடவையைத் தட்டினாள். "ஸ்கூலுக்கு லீவு சொல்லு. குளி. பத்து மணிக்கு அரியலூர்ல கூட்டம்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லையா? ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம் வா."

*

வெள்ளிக்கிழமை என்றால் சிறுவாச்சூரில் காளி கோயில் திறந்திருக்கும். ஒரு பஸ்ஸிலும் கால் வைக்க முடியாது. அதனால் லோடு ஓட்டும் விக்கியின் குட்டியானை வண்டியைப் பேசியிருந்தார்கள். நேற்றுவரை வெங்காய மூட்டை ஏற்றிய வண்டி. பதினெட்டுப் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பெரம்பலூர் தாண்டியதும் எதிரே வரிசையாகக் கல் லாரிகள், புழுதி.

தென்றல் ஒயரையும் மாமாவையும் ஸ்குவாடையும் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னாள். இரண்டு தரம் பாதியிலேயே விட்டாள். மூன்றாம் தரம் சொல்லி முடித்தாள்.

வண்டிக்குள் ஒரே நேரத்தில் பதினெட்டு வாயும் திறந்தது.

"ஏண்டி வெற்றி, படிச்சுப் பாத்துட்டு எழுத மாட்டியா நீ?"

"எங்கக்கா படிக்க விட்ட? மேஸ்திரி வர்றதுக்குள்ள எழுது எழுதுன்னு நீதானே கழுத்தப் புடிச்ச?"

"என் வூட்டுல மாடே இல்லியே! மாட்டுக் கொட்டாயில பல்பு எரியுதுன்னா எழுதிருக்கு?"

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாப்பாத்தி மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் என்ன படிக்கிறேன்?"

"பிளஸ் டூ, பெரியம்மா."

"அடி ஆத்தே. கைநாட்டு வெச்சுல்ல குடுத்தேன்!"

வண்டியே குலுங்கியது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்குப் புரையேறியது. தென்றலுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. வெற்றிச்செல்விதான் முதலில் அடங்கினாள்.

"சிரிப்ப விடுங்க. தனம் அக்கா மோட்டாருக்கு ஏதாவது ஆனா என்ன பண்றது? எங்க கெணத்துலேருந்து ரெண்டு மடை திருப்புறேன். ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல எங்க கெணறும் தரையத் தொட்டுரும்."

"ரெண்டு நாளு பெருசுதான்," என்றாள் தனம்.

*

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் நின்றது. தென்றல் உள்ளே கால் வைத்ததும், மைக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஆள் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். கலைச்செல்வன். நேற்றுப் போனில் சிரித்த முகம் இல்லை அது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"இந்தப் பக்கம் வா," என்று பந்திக்கூடத்துப் பக்கம் கூட்டிப்போனான். "காலைல என் முன்னாடி கட்டப் பிரிச்சாங்க. மொத மனு ஒன்னோடது. ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒண்ணாப்பு நோட்டுலேருந்து பாக்குறேன்."

"மாமா, நான் வேணும்னு..."

"தெரியும். பேசாத. நேரமில்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். டைப் அடித்த தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடு. மத்தவங்களையும் போடச் சொல்லு. மனுவ வாபஸ் வாங்கிட்டா ஸ்குவாடு வராது. தெரிஞ்ச ஊரு ஆளுங்கன்னு மட்டும் சொல்லி மேல பேசிட்டேன். ஒப்புக்கிட்டாங்க."

"ஒங்க வேல?"

"அதுவும் தப்பிக்கும். பர்மனென்ட் லிஸ்டு அடுத்த மாசம் வருது தென்றலு. பதினோரு வருசம். எத்தன மழையில கம்பம் ஏறிருக்கேன்னு ஒங்கம்மாவக் கேளு."

அவன் கெஞ்சுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவன். மாட்டுக் கொட்டகையில் பல்பைப் போட்டுவிட்டு, "இனிமே மார்க்கு குறைஞ்சா பல்பு மேல பழி போட முடியாது" என்று சிரித்தவன்.

பேனாவை வாங்கினாள். போட்டுவிடலாம். போட்டுவிட்டால் மோட்டார் ஓடும், மாமா லிஸ்டில் இருப்பார், வெங்காயம் திரளும். தாளைச் சுவரில் வைத்து அழுத்தினாள். கையெழுத்துப் போடுமுன் எதையும் படித்துவிடுவது அவள் பழக்கம். இரண்டே வரிதான்.

'நான் எழுதியது உண்மையல்ல. புதிய சட்டத்தில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.'

"மாமா, ஆட்சேபணை இல்லைன்னு போட்டுருக்கு."

"இருக்கட்டும். போடு."

"ஆட்சேபணை இருக்கே மாமா."

"தென்றலு..."

"உண்மையல்லன்னும் போட்டுருக்கு. உண்மதானே அது? நீங்கதானே ஏறுனீங்க?"

உள்ளே மைக்கில் யாரோ ஊதிப் பார்த்தார்கள். கலைச்செல்வன் வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. தாள் அவள் கையிலேயே இருந்தது.

*

மேடையில் மூன்று நாற்காலி. நடுவில், கருத்துக் கேட்கச் சென்னையிலிருந்து வந்த அம்மையார், கண்ணாடி, கதர்ப் புடவை. பக்கத்தில் மின் ஆபீசின் பெரிய அதிகாரி. இன்னொருவர் எழுதுகிறவர்.

முதல் ஒன்றரை மணி நேரம் அரிசி ஆலைக்காரர்கள் பேசினார்கள். பிறகு அம்மையார் ஒரு கட்டைப் பிரித்தார். நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"பாப்பாத்தி யாரும்மா?"

பாப்பாத்தி எழுந்து நின்று, வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"வயசு என்ன?"

"அம்பத்தெட்டுங்கம்மா."

"பிளஸ் டூ படிக்கிறதா எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கம்மா. மார்ச்சுல பரீட்ச."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பெரிய அதிகாரி விடவில்லை. "என்ன குரூப்பு?"

"மகளிர் குரூப்புங்க."

"படிக்கிறவங்க ஏன் கைநாட்டு வெச்சிருக்கீங்க?"

"கையெழுத்து அடுத்த வருசப் பாடத்துல வருதுங்க."

அம்மையார் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. குடித்துவிட்டுக் குரலை மாற்றிக் கேட்டார். "அம்மா, இது விளையாட்டு இல்ல. உங்களுக்கு மோட்டார் இருக்கா?"

"மோட்டாரும் இல்ல, கெணறும் இல்லீங்க."

"அப்புறம் ஏன் இப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

பாப்பாத்தியின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. "எனக்கு எழுத வராதும்மா. அந்தப் புள்ள எழுதுனதுல மொத ரெண்டு வரிய வாசிச்சாங்க. அதுல ஒரு பொம்பள கரண்டுக்குப் பயந்து ஃபேன நிறுத்துறா. நானும் நிறுத்துவேன். அதான் வெரல வெச்சேன். கேசு சிலிண்டரு வாங்குறப்ப முழுக் காசக் கட்டு, பேங்குல போடுறோம்னீங்க. வந்துதா வரலியான்னு பாக்கவே பாதிநாளு கூலி போவுது. கரண்டுக்கும் அப்படித்தான்னா எனக்கு வேணாம். இது என் சொந்தக் கருத்து. எழுதிக்கங்க."

எழுதுகிறவர் எழுதினார். மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பெரிய அதிகாரி கட்டைத் தட்டினார். "மேடம், இதெல்லாம் காப்பி. மொத்தமா தள்ளிரலாம். எழுதிக் கொடுத்தது யாருன்னு மட்டும்..."

தென்றல் எழுந்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள். திரும்பினால், நீட்டியது கலைச்செல்வன். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தது.

"நான்தாங்க. தென்றல். சின்னதுரை மக." குரல் கிறீச்சென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. "நாப்பது காப்பி. ஒண்ணு நெசம். அது என்னோடது. அதுல இருக்கற ஒயரு எங்க காட்டுல இருக்கு. காலைலகூட அவுக்கலாம்னு போனேன். அவுக்கல."

"தப்புன்னு தெரியுமா உனக்கு?" என்றார் பெரிய அதிகாரி.

"தெரியுங்க. தப்புன்னு தெரிஞ்சும் ஏன் இழுத்தோம்னுதாங்க எழுதிருக்கேன். அதப் படிக்காம ஒயர மட்டும் படிச்சிருக்கீங்க." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து நிறுத்தாமல் பேசினாள். "நூறு யூனிட்டு இருக்கறப்பவே எங்கம்மா மீட்டர் முன்னாடி நிக்கிறாங்க. அதையும் மொதல்ல கட்டு, அப்புறம் தரோம்னா, என்னக்கி ஃபேன் ஓடும், என்னக்கி லைட்டு எரியும்? மோட்டாருக்கும் மீட்டர் வெச்சா, என்ன வெலைக்கு நாங்க வெங்காயம் விப்போம்? இதச் சொல்லத்தான் எழுதுனேன். வாபஸ் வாங்கச் சொல்லி ஒரு தாளு குடுத்தாங்க." மடித்து வைத்திருந்த தாளை மேடை ஓரத்தில் வைத்தாள். "கையெழுத்து இல்லாம திருப்பிக் குடுத்துடுறேன். நான் வாபஸ் வாங்க மாட்டேங்க."

அம்மையார் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். அவர் விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அவர் லேசான ஆள் இல்லை. உடனே திரும்பினார். "சரி. மோட்டார் சர்வீஸ்ல ஒயர் இழுக்க சாதாரண ஆளால முடியாது. தாய்மாமன்னு எழுதியிருக்கே. அவர் பேரு என்ன? எங்க வேலை பாக்குறாரு?"

தென்றலுக்குப் பின்னால் மைக் ஒயர் பிடித்திருந்த கை இறுகியது. அவளுக்கு அது தெரிந்தது.

"பேரு மனுவுல இல்லீங்க."

"இப்ப சொல்லு."

"இங்கயும் இல்லீங்க."

"இழுக்கச் சொன்னது நான்." தனம் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேரு வேணும்னா என் பேர எழுதிக்கங்க. தனம். சின்னதுரை சம்சாரம். அந்த மனுவுல ஃபேன நிறுத்துறவ நான்தான்."

"நான் இழுத்தவன் பேரக் கேக்குறேன்."

"அது என் தாய்மாமன்," என்று பின்னாலிருந்து வெற்றிச்செல்வி எழுந்தாள்.

"எனக்கும் தாய்மாமன்தாங்க." இன்னொருத்தி.

"எனக்குந்தான்."

"எனக்கும் தாய்மாமன்," என்றாள் அம்பத்தெட்டு வயது பாப்பாத்தி. "சின்ன வயசுப் புள்ள. ஆனாலும் மொற மொறதானே."

பதினெட்டுப் பேரும் நின்றார்கள். அரிசி ஆலைக்காரர் ஒருவர்கூடக் கைதட்டினார். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே தாய்மாமனா என்று பெரிய அதிகாரி கேட்டது அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

அம்மையார் கையை உயர்த்தினார். "உட்காருங்க எல்லாரும். நாற்பத்தொரு ஆட்சேபணையும் பதிவாகும். ஒண்ணைக்கூட தள்ள மாட்டேன்." தென்றலைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா ஒயர் இருக்குன்னு நீயே சபையில சொல்லிட்டேம்மா. போய்ப் பாக்குறது இவங்க பொறுப்பு. அதை நான் தடுக்க முடியாது."

"நாளைக்குக் காலைல," என்றார் பெரிய அதிகாரி. "ஒயர் இருந்தா மோட்டார் சர்வீஸ் கட்."

தென்றல் திரும்பிப் பார்த்தபோது மைக் தரையில் கிடந்தது. மாமாவைக் காணோம்.

*

பொழுது சாய்கிற நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தனம் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கலைச்செல்வன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கையில் கட்டிங் பிளேயர், சிவப்பு ரப்பர் பிடி போட்டது. பதினோரு வருடமாக அவன் இடுப்பை விட்டு இறங்காதது.

"காப்பி போடட்டுமாடா?"

"வேணாங்கா."

"கோவமா?"

அவன் வேப்பமரத்தில் தொங்கிய ஒயரை அண்ணாந்து பார்த்தான். தன் வேலையைத் தானே பார்த்து எடை போடுகிறவன் மாதிரி பார்த்தான்.

"ஏழு மணிக்கு வராங்க. ரெண்டு ஆபீசரு, ஒரு ஃபோர்மேன். ஏணி தூக்க என்னைப் போட்டுருக்காங்க."

தனத்தின் கையிலிருந்து கூடை நழுவியது. "ஒன்னையா? தெரிஞ்சே போட்டாங்களா?"

"தெரியல. யாரு வரீங்கன்னாங்க. நான் வரேன்னு கைய தூக்கிட்டேன்."

"ஏண்டா?"

அவன் தென்றலிடம் திரும்பினான். அவள் படிக்கிற இடத்துக்கு மேசை என்று பெயர். இரண்டு டிரம்மின் மேல் ஒரு பலகை. அதன் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அணைந்த பல்பு.

"இப்ப அவுத்தா அஞ்சு நிமிசம். காலைல வந்து பாத்தா மரம்தான் இருக்கும். அந்தப் புள்ள பயத்துல ஒளறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். மோட்டார் தப்பிக்கும். நீ சொல்லு. அவுக்கவா?"

வெளியே வெங்காயத் தாள் காற்றில் சலசலத்தது. தென்றல் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். காலையில் இதே மரத்தடியில் தொரட்டியோடு நின்றவளை நினைத்துக்கொண்டாள். இப்போதும் அதே பயம்தான். ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஆனால் பயந்துகொண்டே பேச முடியும் என்று இன்றைக்குத் தெரிந்துபோயிருந்தது.

"நாளைக்கு எல்லாரு முன்னாடியும் ஏறி அவுத்துருங்க மாமா. ஏன் இழுத்தோம்னு அங்க வெச்சே திரும்பவும் சொல்றேன்." எழுந்து சுவிட்சைத் தட்டினாள். மஞ்சள் வெளிச்சம் பலகை மேலும், மாட்டின் முதுகு மேலும், மாமாவின் முகத்து மேலும் விழுந்தது. "இன்னக்கி நான் படிக்கணும்."

கலைச்செல்வன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பலகை மேல் ஒரு கணம் கையூன்றினான். விர்ரென்று திரும்பி நடந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டுப் பக்கம் தேய்ந்து போனது.

தென்றல் புத்தகத்தை இழுத்தாள். அது வரவில்லை. மேலே ஏதோ கனமாக அழுத்திக்கொண்டிருந்தது.

சிவப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயர்.

மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாரா? பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அதை மறக்காத ஆள். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறி வெறும் கையோடு என்ன செய்யப்போகிறார்?

"அம்மா," என்று கூப்பிட்டாள் தென்றல். "இங்க வந்து பாரேன்."